சித்திரையில் வந்த புயல்

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பது நம் மக்களின் வாய்மொழி. வானத்தையும் கடலையும் தலைமுறை தலைமுறையாக உற்றுநோக்கி வந்தவர்களின் கணக்கு அது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சீறும் கடலுக்கு அஞ்சுவர். தை பிறந்ததும் வலைகளைச் செப்பனிடுவர். சித்திரையில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவர். கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கரையில் ஒரு சித்திரை மாலையில் நாமும் அவ்வாறே நின்றிருக்கிறோம். சுண்டல் விற்கும் சிறுவர், அலையில் கால் நனைக்கும் குடும்பங்கள், கரையேற்றிய படகுகளின் நிழலில் உறங்கும் முதியவர்கள். இவ்வளவு அமைதியான மாதத்தில், ஏறத்தாழ இதே இடத்துக்கு நேரே, ஒரே இரவில் நூற்றுக்கணக்கான மனிதரைக் கடல் விழுங்கியது என்றால் நம்புவது அரிது. எனினும் அது நடந்தது. 1749-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்தது.

கடலூரின் பழங்கதையைச் சற்றே நினைவுகூர்ந்தால்தான் அந்த இரவு விளங்கும். கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த சிறு கோட்டையை 1690-இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அளவுகோலாக வைத்தது பீரங்கிக் குண்டை. சுட்ட குண்டு எதுவரை போய் விழுந்ததோ அதுவரை கம்பெனிக்கு உரிமை. 'குண்டு கிராமங்கள்' என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. அங்கே குடியிருந்த உழவரையும் வலைஞரையும் கேட்டு எவரும் குண்டு சுடவில்லை என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அந்தக் கோட்டைக்குப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டனர்.

1746-இல் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே சென்னையைக் கைப்பற்றியபின், சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு இடம் பெயர்ந்தது. 1752 வரை அந்நிலை நீடித்தது. 1748-இல் தளபதி எட்வர்ட் பொஸ்கவன் பெரியதொரு கப்பற்படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். உள்ளே டூப்ளே உறுதியாய் இருந்தார். வெளியே முற்றுகையிட்டோரைக் காய்ச்சலும் கழிச்சலும் குண்டுகளும் வாட்டின. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியரை இழந்து, மழைக்காலம் நெருங்கவே ஆங்கிலேயர் பின்வாங்கினர். அதே அக்டோபரில் ஐரோப்பாவில் ஏக்ஸ்-லா-சப்பேல் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆகவே 1749-இன் தொடக்கத்தில் கடலூருக்கு நேரே நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்களில் இருந்தவர்கள் போரையும் நோயையும் கடந்து வந்தவர்கள். சென்னையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வீடு திரும்பும் நாளை எதிர்நோக்கி இருந்தவர்கள்.

கையில் படை இருந்து செய்வதற்குப் போர் இல்லாதபோது அரசுகளுக்கு விபரீத எண்ணங்கள் தோன்றும். தஞ்சை மராத்திய அரியணையை இழந்த ஷாஜி என்பவர் கடலூருக்கு வந்து உதவி கேட்டார். பிரதாப சிங்கை நீக்கித் தம்மை மீண்டும் அரசராக்கினால், கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையைத் தருவதாகச் சொன்னார். கம்பெனிக்கு அந்த ஆற்று முகம் இனித்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகத் தஞ்சைச் சீமைக்குள் நுழைய அது வாயில். கேப்டன் கோப் என்பவர் தலைமையில் 430 ஐரோப்பியரும் 1,000 சிப்பாய்களும், நான்கு பீரங்கிகளோடும் சிறு மோர்ட்டார்களோடும் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். கப்பல்கள் சில அவர்களுக்குத் துணையாகக் கடல்வழி சென்றன.

படை பரங்கிப்பேட்டைக்கு அருகில் வெள்ளாற்றங்கரையில் கூடாரம் அடித்திருந்த நாள் ஏப்ரல் 13. இது ஆங்கிலேயரின் அன்றைய கணக்கு. 1752 வரை அவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியையே கைக்கொண்டிருந்தனர். நம் கிரகோரியன் நாட்காட்டிப்படி அது ஏப்ரல் 24, வியாழக்கிழமை. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா இரு கணக்கின்படியும் ஒரே ஞாயிறன்று, அதாவது நம் ஏப்ரல் 6-இல் வந்தது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து பதினெட்டாம் நாள். தமிழ்க் கணக்கில் சித்திரை பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரம். குருவானவர் எவரும் வரலாற்றைப் படித்தால் முதலில் திருவழிபாட்டு நாட்காட்டியைத்தான் தேடுவார் என்று வாசகர் நகைக்கலாம். நகைத்துக்கொள்ளட்டும்.

கடலூரிலோ சென்னையிலோ அந்நாளில் துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் நம் மீனவர்கள் அலைகளை ஊடுருவிச் சென்று ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்குவர். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலைமுறிவில் நொறுங்கிப் போகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். இத்தகைய கரையில் புயற்காலத்தில் கப்பலை நிறுத்துவது அழிவைத் தேடிக்கொள்வதாகும் என்பதை வெள்ளையர் பட்டறிந்திருந்தனர். சென்னைக் கோட்டையில் அக்டோபர் 15-ஆம் நாள் கொடியை இறக்கிவிட்டு டிசம்பர் 15 வரை ஏற்றாதிருக்கும் வழக்கம் உருவானது. இந்த நாட்களில் இங்கே நிற்காதே என்று கப்பல்களுக்குச் சொல்லும் அடையாளம் அது. மழைக்காலத்தில் போர்க்கப்பல்கள் திரிகோணமலை போன்ற பாதுகாப்பான துறைகளுக்குப் போய்விடும், தை மாதத்துக்குப் பின் திரும்பி வரும். கடலைப் பொறுத்தவரை ஏப்ரல் அவர்களுக்குக் கவலையற்ற மாதம்.

அன்று மாலை காற்று எழுந்தது. வாடை ஓய்ந்து சோழகம் பிடிக்கும் பருவத்திருப்பம் என்றே அது முதலில் தோன்றியிருக்கும். இந்தக் காலத்தின் போர்களை விரிவாக எழுதி 1763-இல் வெளியிடத் தொடங்கிய ராபர்ட் ஓர்ம் என்பவரும், வடதிசைக் காற்று மாறித் தென்திசைக் காற்று தொடங்கிய நிகழ்ச்சியாகவே அதைக் குறிக்கிறார். ஆனால் திருப்பம் சூறாவளியாயிற்று. வெள்ளாற்றங்கரையில் கூடாரங்கள் கிழிந்து பறந்தன. வண்டி மாடுகள் பல மடிந்தன. படைத் தளவாடங்கள் நாசமாயின. விடிந்ததும் படை தேவிக்கோட்டைக்குச் செல்லும் நிலையில் இல்லை. இழந்தவற்றைச் சரிசெய்துகொள்ளப் பரங்கிப்பேட்டைக்குச் சென்று தங்க வேண்டியதாயிற்று.

கடலில் நேர்ந்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. தளபதி பொஸ்கவனின் கொடிக்கப்பல் 'நேமூர்', 74 பீரங்கிகள் கொண்டது, புனித தாவீது கோட்டைக்கு அருகில் அழிந்தது. அதில் இருந்தவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 60 பீரங்கிகள் கொண்ட 'பெம்புரோக்' தெற்கே கொள்ளிடம் கடலோடு கலக்கும் பகுதிக்கு அருகில் அழிந்தது. அதில் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பிழைத்தவர்கள் மிகச் சிலர். நோயாளிகளுக்கான மருத்துவக் கப்பலாகிய 'அப்பல்லோ'வும் போயிற்று. கம்பெனியின் வணிகக் கப்பல்களும் தப்பவில்லை.

தளபதி பொஸ்கவன் அன்றிரவு கரையில் இருந்தார். ஆகவே பிழைத்தார். நேமூரின் ஆட்களில் நோயுற்றுக் கரையில் மருத்துவமனையில் கிடந்தவர்களும் பிழைத்தனர். உடல் நலத்தோடு கப்பலில் வேலை பார்த்தவன் மூழ்கினான். காய்ச்சலில் பாயோடு கிடந்து, தோழர்களுடன் இல்லையே என்று வருந்தியிருக்கக்கூடியவன் காலையில் கண் விழித்தான். அவன் கண் விழித்தபோது கப்பல் இருந்த இடத்தில் கடல் மட்டுமே இருந்தது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நமக்கு ஒன்று உறுத்துகிறது. அகாலத்தில் வரும் புயல் காலத்தில் வரும் புயலைவிட வலிமை மிக்கதாய் இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் இருக்கும் கோலந்தான் வேறு. நவம்பரில் இதே காற்று அடித்திருந்தால் நேமூர் கடலூருக்கு எதிரே நின்றிராது. கோப்பின் மாடுகள் ஆற்றங்கரை வெளியில் கட்டப்பட்டிருக்க மாட்டா.

இதற்கு உலகின் மறுகோடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் ஈரி என்னும் மாபெரும் ஏரியின் கரையில் பஃபலோ என்னும் நகரம் இருக்கிறது. பனிப்பொழிவுக்குப் பெயர் போன ஊர். கோடை முழுவதும் வெப்பத்தைச் சேர்த்து வைத்த ஏரி நீரின்மேல் கடுங்குளிர்க் காற்று கடந்து வரும்போது, நீரிலிருந்து ஈரத்தை வாரியெடுத்து மறுகரையில் பனியாகக் கொட்டும். வழக்கமாக இது நவம்பரில் தொடங்கும். வீட்டுக்கு வீடு பனி அள்ளும் மண்வெட்டி வைத்திருக்கும் மக்களுக்கு அது புதிதன்று. ஆனால் 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 12, 13 நாட்களில், பல வாரங்கள் முன்னதாகவே அது வந்துவிட்டது. ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் பனி. அந்த ஊரில் இந்த அளவு பனி குளிர்காலத்தில் விழுந்திருந்தால் இவ்வளவு அழிவு நேர்ந்திராது. அப்போதோ மரங்கள் இன்னும் இலை உதிர்க்கவில்லை. ஈரப்பனி ஒவ்வோர் இலையிலும் தங்கிற்று. சுமை தாங்காது கிளைகள் முறிந்தன, முறிந்த கிளைகள் மின்கம்பிகளை அறுத்தன, இலட்சக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மொட்டைக் கிளையின் ஊடே நழுவிப் போயிருக்கும் பனி, பச்சை இலையில் தங்கி மரத்தை வீழ்த்திற்று.

ஏரியின் வெப்பம் அங்கே பனியை வளர்த்தது போல, நம் வங்கக் கடலின் வெப்பம் புயலை வளர்க்கிறது. புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது அறிவியல். ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடல் அதைத் தாண்டியே கொதித்துக் கிடக்கிறது. எனவே சித்திரை, வைகாசியில் புயல் பிறப்பது இயற்கைக்கு மாறானதன்று. பிறப்பவற்றில் பெரும்பாலானவை வடக்கே திரும்பி ஆந்திரம், ஒடிசா, வங்கம், மியான்மர் என்று போய்விடுவதால், தமிழ்க் கரை அவற்றை மறந்துவிடுகிறது. எப்போதாவது ஒன்று திரும்பாமல் நேரே வரும். 1872-இல் மே மாதத் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய புயல் அத்தகையது.

பச்சை மரம் வீழ்ந்த காட்சியைக் காண நாம் பஃபலோவுக்குப் போக வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 விடியற்காலை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தது. மார்கழி பாதி. கார்த்திகை முடிந்து இரண்டு வாரம். பண்ருட்டிப் பக்கம் செம்மண் பூமியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் அப்போது நாம் இருந்தோம். கிறிஸ்து பிறப்பு விழாவின் நட்சத்திரங்கள் இன்னும் இறக்கப்படவில்லை. அவை எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. கோவிலைவிட மூத்ததாக ஊரார் சொன்ன பலாமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. முந்திரித் தோப்புகள் மிதிபட்ட நாணற்காடு போல ஒரே திசையில் படுத்திருந்தன. புத்தாண்டுத் திருப்பலியை மின்சாரமின்றி மெழுகுதிரி ஒளியில் ஒப்புக்கொடுத்தோம். திருப்பலி முடிந்து முதியவர் ஒருவர் கைகூப்பியபடி நின்றார். "மார்கழி பொறந்தாச்சுன்னு நிம்மதியா இருந்தோம் சாமி. காத்துக்கு மாசம் தெரியலையே," என்றார். தமக்கு எவ்வளவு இழப்பு என்று அவர் சொல்லவில்லை. முந்திரி நட்டுக் காய்க்க ஆண்டுகள் ஆகும், பலா அதற்கும் மேல். அவர் வயதுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த ஞாயிறு மறையுரையில் என்ன சொல்வது என்று திகைத்தோம். ஊரில் சிலர் இது பாவத்துக்குத் தண்டனை என்று பேசத் தொடங்கியிருந்தனர். எவருடைய பாவம் என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. அப்போது நினைவுக்கு வந்தது, கடலூரின் பழைய கதை. 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த லாபூர்தொனே மீட்புத்தொகை பற்றி டூப்ளேயோடு வழக்காடிக்கொண்டு நாட்களைக் கடத்தியபோது, புயல் வந்து பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதறடித்தது. இறைவன் தங்கள் பக்கம் என்று எண்ண ஆங்கிலேயருக்கு அது போதுமான காரணம். மூன்று ஆண்டுகள் நிரம்புவதற்குள் சித்திரைப் புயல் ஆங்கிலக் கப்பல்களை அழித்தது. அதே அளவுகோலைப் பிரெஞ்சுக்காரர் கையில் எடுத்தால் அவர்களுக்கும் அதே காரணம் கிடைத்துவிடும். காற்றைக் கட்சியில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர் அடுத்த காற்று வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் எழுப்பிய கேள்வி லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று அவர் கேட்டார், இல்லை என்று அவரே விடையும் தந்தார். அதையே அந்த ஞாயிறு வாசித்தோம். வேறு அதிகம் பேசவில்லை.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் புனித பவுல் சிக்கிய கப்பற்சேதமும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் அது நேர்மாறான கதை. அங்கே நோன்பு நாள் கடந்து, கடற்பயணத்துக்குரிய காலம் முடிந்துவிட்டது. பவுல் எச்சரித்தார். மாலுமியும் கப்பல் உரிமையாளரும் கேட்கவில்லை. அங்கே நூற்றுவர் தலைவனைக் குறை சொல்ல முடியும். கப்பல் போயிற்று, 276 பேரும் பிழைத்தனர். கடலூரிலோ எச்சரிக்க எதுவும் இல்லை. எல்லாரும் நாட்காட்டியை மதித்தே நடந்தனர்.

அந்த இரவில் மாண்டோரின் தொகையை ஆங்கில ஏடுகள் கப்பல் வாரியாகத் தருகின்றன. வெள்ளாற்றங்கரையில் மாடுகள் செத்ததைக்கூட ஓர்ம் மறவாமல் குறிக்கிறார். ஆனால் மாடுகளைக் கட்டிய வண்டிக்காரர் என்ன ஆனார்? அன்றிரவு கடலில் இருந்த கட்டுமரக்காரர்கள்? தேவனாம்பட்டினத்துக் குடிசைகள்? பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் இடையே மணல்மேட்டில் வாழ்ந்தோர்? பீரங்கிக் குண்டின் வீச்சுக்குள் வாழ்ந்தவர்களைக் கணக்கெடுப்பது அக்காலத்து வழக்கமன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இதே தேவனாம்பட்டினத்தையும் இதே பரங்கிப்பேட்டைக் கரையையும் தாக்கியபோது, கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. பட்டியல்கள் ஒட்டப்பட்டன. உறவினர் விரல் வைத்து வாசித்தனர். 1749-க்கும் 2004-க்கும் இடையே நாம் அடைந்த முன்னேற்றம் எதுவென்று எவரேனும் கேட்டால், அந்தப் பட்டியல்களைத்தான் முதலில் காட்டுவோம்.

கோப்பின் படை பின்னர் கொள்ளிடம் வரை சென்று, தேவிக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் கடலூருக்குத் திரும்பிற்று. ஜூன் மாதத்தில் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் கடல்வழியாகச் சென்று அதைக் கைப்பற்றினார். மதிலை உடைத்து நுழைந்த முன்னணியில் ராபர்ட் கிளைவ் என்னும் இளைஞர் இருந்தார், அவர் பின்னாளில் என்ன ஆனார் என்பதை நாடறியும். ஷாஜிக்கு அரியணை கிடைக்கவில்லை. பிரதாப சிங்கோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டு கோட்டையை வைத்துக்கொண்டது, ஷாஜிக்கு உதவித்தொகை ஏற்பாடாயிற்று. எந்த மனிதரை அரசராக்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார்களோ அவரே வழியில் மறக்கப்பட்டார். புனித தாவீது கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று கெடிலக் கரையில் அதன் எச்சங்களைத் தேடிப் போகிறவர் புதர்களை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

சென்னை ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபின், எஞ்சிய கப்பல்களுடன் பொஸ்கவன் தாயகம் திரும்பினார். அவர் இக்கரையை விட்டுப் புறப்பட்டது 1749 அக்டோபரில், நாட்காட்டி சொன்னபடியே, வடகிழக்குக் காற்று மூள்வதற்குச் சற்று முன்பாக.